வெளிச்சுவர் இல்லாத பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்: காற்றை எந்த வழியாக அனுப்புவது?

கேள்வி சுருக்கமாக இது. சென்னையில் ஸ்டில்ட்டுக்கு மேல் மூன்று மாடி உள்ள அடுக்ககம், அதில் இரண்டாம் மாடி வீடு. பெட்ரூமோடு சேர்ந்த பாத்ரூம், 7க்கு 5 அடி. ஒரு பக்கம் லிஃப்ட் சுவர், ஒரு பக்கம் அடுத்த வீடு, ஒரு பக்கம் பெட்ரூம். மிச்சமிருக்கும் சுவரில் லூவர் கண்ணாடி போட்ட வென்டிலேட்டர். அது பைப்புகள் ஓடும் 3க்கு 4 அடி டக்டில், அதாவது கீழிருந்து மொட்டைமாடி வரை போகும் சந்தில், திறக்கிறது. உள்ளே கீசரும் உண்டு. குளித்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் ஆவி போவதில்லை. கூரை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை, கதவின் அடிப்பக்கம் உப்பிவிட்டது, மாலையானால் டக்டிலிருந்து வாடை வேறு. ஃபேன் போடலாம் என்று ஆட்களைக் கூப்பிட்டால், பிளம்பர் "வென்ட் பைப்பில் சேர்த்துவிடலாம்" என்கிறார். எலக்ட்ரீஷியன் "ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டாலே போதும்" என்கிறார். இதில் எது சரி?

இரண்டுமே வேண்டாம். பிளம்பர் சொன்னதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டக்டில் மேலேறி மொட்டைமாடிக்கு மேல் திறந்து நிற்கும் வென்ட் பைப் சாக்கடைக் குழாய்களின் மூச்சுக்குழாய். யாராவது ஃப்ளஷ் செய்யும்போது குழாயில் இறங்கும் தண்ணீர் பின்னால் காற்றை இழுக்கும். அந்தக் காற்று வென்ட் வழியாக வந்தால்தான் மற்ற வீடுகளின் ட்ராப்பில் (சாக்கடை வாயுவைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் குழாய் வளைவு) நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்படாமல் இருக்கும். சாக்கடை வாயு மேலே போவதும் அதே பைப்பில்தான். உங்கள் ஃபேனை அதில் இணைத்தால், ஃபேன் ஓடும்போது குழாய்க்குள் காற்றைத் தள்ளுகிறீர்கள். ஃபேன் நின்றதும் சாக்கடைக்கும் உங்கள் பாத்ரூமுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் மடல் மட்டுமே இருக்கும். சாக்கடை வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் உண்டு. மற்ற எல்லா இடத்திலும் தண்ணீரை நிறுத்தித் தடுக்கிற வாயுவுக்கு இங்கே நாமே கதவு வைத்துக் கொடுத்ததாகிவிடும். "மடல் போட்டுத் தருகிறேன் சார்" என்பார்கள். அந்த மடல் காற்று திரும்பி வருவதைக் குறைக்கும், ஆனால் வாயு கசியாமல் அடைக்காது.

ஃபால்ஸ் சீலிங் விஷயம் எனக்கே நடந்தது. முன்பு குடியிருந்த வீட்டில் பாத்ரூம் ஃபேனிலிருந்து மடங்கும் அலுமினியக் குழாயைப் பெட்ரூம் ஃபால்ஸ் சீலிங்குக்குள் கொண்டுபோய், பால்கனிச் சுவருக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்தியிருந்தார்கள். வேலை முடிந்ததும் ஜிப்சம் போர்டு மூடிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது மார்கழியில் கட்டிலுக்கு நேர் மேலே மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தது. போர்டை அறுத்துப் பார்த்தபோது குழாய் நடுவில் தொய்ந்து வயிறு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொய்வில் முக்கால் சொம்புத் தண்ணீர். குழாயின் வாய் திறந்த இடத்தில் போர்டு பிஸ்கட்டாக நொறுங்கியது, மேலே கான்கிரீட்டில் பூஞ்சை. பாத்ரூமில் கண்ணுக்குத் தெரிந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். ஃபால்ஸ் சீலிங் வழியாகக் குழாய் ஓடலாம். அங்கேயே முடியக் கூடாது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். எந்த ஃபேன் நல்லது, எத்தனை இன்ச் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, வெளியே போகும் காற்று கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, அதற்குப் பதிலாக உள்ளே வரும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஃபேனே போதும். கிடைக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் சத்தம்தான் மிஞ்சும்.

அதனால் இன்று மாலையே மொட்டைமாடிக்குப் போய் டக்டின் மேல்வாயைப் பாருங்கள். வானம் தெரிகிறதா? பல அடுக்ககங்களில் மழைத் தண்ணீர் விழுகிறது, புறா கூடு கட்டுகிறது என்று அசோசியேஷன் அதன்மேல் பாலிகார்பனேட் ஷீட்டை வைத்து நான்கு பக்கமும் மூடியிருக்கும். அப்படி இருந்தால் உங்கள் டக்ட் மூடி போட்ட பாத்திரம். எட்டுப் பத்து பாத்ரூம்களின் ஆவியும் வாடையும் அதற்குள்ளேயே சுற்றும். நீங்கள் ஃபேன் போட்டால் உங்கள் காற்று மேல் வீட்டுக்குப் போகும், அவர்கள் போட்டால் உங்களுக்கு வரும். இதற்குத் தீர்வு உங்கள் பாத்ரூமில் இல்லை, மேலேதான் இருக்கிறது. ஷீட்டை எடுக்கவே வேண்டாம். டக்டின் கைப்பிடிச் சுவரிலிருந்து ஓர் அடி உயர்த்தி ஆங்கிளில் நிறுத்திவிட்டு, நான்கு பக்கமும் புறா வலை அடித்தால் மழையும் வராது, காற்றும் போகும். ஒரு வெல்டருக்கு ஒரு நாள் வேலை. வீடு வீடாகப் பிரித்தால் பெரிய செலவு இல்லை, பயன் எல்லோருக்கும். ஃபேன் வாங்குவதற்கு முன் இதை அசோசியேஷன் கூட்டத்தில் பேசுங்கள்.

டக்டின் அளவையும் கவனியுங்கள். இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி, 10 மீட்டர் உயரம் வரையிலான கட்டடத்தில் காற்றுக்காக விடும் டக்ட் குறைந்தது 1.2 சதுர மீட்டர் இருக்க வேண்டும், அதன் குறுகிய பக்கம் 0.9 மீட்டருக்குக் குறையக் கூடாது. உயரம் கூடினால் இன்னும் பெரிதாக வேண்டும். உங்களுடையது 12 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 1.1 சதுர மீட்டர். 10 மீட்டருக்கான அளவுக்கே கொஞ்சம் குறைவு. அதிலும் பழைய பைப், கேபிள், ஏசி அவுட்டோர் யூனிட் என்று அடைத்துவைத்திருந்தால் மேலே திறந்திருந்தும் பயன் குறைவு. அவுட்டோர் யூனிட் இருந்தால் அதை வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள், சூடான காற்றை அங்கே ஊதிக்கொண்டிருக்கும்.

மேல்வாய் திறந்திருக்கிறது என்றால் உங்களுக்கு நல்ல வழி, ஏற்கெனவே இருக்கும் அந்த வென்டிலேட்டர்தான். சுவரை உடைக்கவே தேவையில்லை. ஆனால் இதைச் செய்கிற விதத்தில்தான் பெரும்பாலான இடங்களில் தவறு நடக்கிறது.

வழக்கமாக என்ன செய்வார்கள்? மூன்று லூவர் கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபேனைக் கம்பியால் கட்டிவிடுவார்கள். மீதி இரண்டு கண்ணாடி அப்படியே சாய்ந்து திறந்திருக்கும், ஃபேனைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. ஃபேன் ஓடும், சத்தம் வரும், ஆவி மட்டும் போகாது. ஏனென்றால் காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். பக்கத்து லூவர் இடுக்கு வழியாக டக்ட் காற்றை இழுத்து, அதையே திரும்ப டக்டுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். ஷவர் மூலையில் நிற்கிற ஆவியை அது தொடவே இல்லை. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி லூவர் இடுக்கில் பிடித்துப் பாருங்கள், புகை உள்ளே வந்து வளைந்து ஃபேனுக்குள் போவது கண்ணுக்கே தெரியும்.

ஆகவே லூவர் முழுவதையும் கழற்றுங்கள். ஃபிரேம் அளவுக்கு ஏசிபி ஷீட்டோ (நடுவில் பிளாஸ்டிக், இருபுறமும் அலுமினியம்) 6 மில்லிமீட்டர் அக்ரிலிக்கோ வெட்டி, அதில் ஃபேனுக்கு வட்டத் துளை போட்டு, நாலு ஓரமும் சிலிக்கான் வைத்து அடையுங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் பால் நிற அக்ரிலிக் நல்லது. ஃபேனுக்கும் ஷீட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை ஒன்று கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஷீட் பறை மாதிரி அதிரும், அந்த அதிர்வு டக்டில் எதிரொலித்துக் கீழ் வீட்டுக்காரரைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பும். டக்ட் பக்கம் தானாக மூடும் ஷட்டர் உள்ள ஃபேனாகப் பார்த்து வாங்குங்கள். ஓடும்போது இதழ்கள் காற்றால் தூக்கும், நின்றதும் தன் எடையில் விழுந்து மூடும். மற்ற வீட்டு வாடை, கரப்பான், பல்லி எல்லாவற்றுக்கும் ஓரளவு தடை. அதற்கு வெளியே ஒரு வலை, கண் ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும். கொசுவலை போட்டால் சில மாதத்தில் பஞ்சும் தூசியும் அடைத்து ஃபேன் மூச்சுத் திணறும்.

அளவு என்ன? உங்கள் பாத்ரூம் கூரை 8 அடி என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு 280 கன அடி, ஏறக்குறைய 8 கன மீட்டர். மணிக்குப் பத்து முறை முழுக் காற்றும் மாற வேண்டும் என்று கணக்குப் போட்டால் 80 கன மீட்டர். அமெரிக்க வழக்கத்தில் பாத்ரூமுக்குச் சொல்லும் நிமிடத்துக்கு 50 கன அடியும் மணிக்கு 85 கன மீட்டர்தான். வென்டிலேட்டரில் நேராகப் பொருத்தினால் 6 இன்ச் ஃபேன் தாராளமாகப் போதும். 4 இன்ச் ஃபேனின் பெட்டியிலும் இதே எண் எழுதியிருக்கலாம். ஆனால் அது எதிரே எந்தத் தடையும் இல்லாமல் சுற்றும்போது அளந்தது. ஷட்டர், வலை, டக்ட் எல்லாம் சேரும்போது குறையும்.

இப்போது உள்ளே வரும் காற்று. பலரும் கோட்டைவிடும் இடம் இது. கதவை மூடிக்கொண்டு குளிக்கிறீர்கள், வென்டிலேட்டரையும் ஃபேனைச் சுற்றி அடைத்துவிட்டோம். அப்போது ஃபேன் எந்தக் காற்றை வெளியே தள்ளும்? கதவுக்கு அடியில் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இரண்டரை அடிக் கதவுக்கு இங்கிலாந்து விதிகள் கேட்பதும் அதே 10 மில்லிமீட்டர்தான். நான் 15 வைப்பேன். உங்கள் கதவின் அடிப்பக்கம் ஏற்கெனவே உப்பிவிட்டது என்கிறீர்கள். எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றும்போது பிவிசி கதவோ டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) கதவோ போட்டு இந்த இடைவெளியை விடச் சொல்லுங்கள். வாசலில் பாத்ரூம் பக்கம் கிரானைட் பட்டியை உயர்த்திப் பதித்திருந்தால், கதவு அதன்மேல் உட்கார்ந்து காற்றை அடைத்துவிடும், அதையும் பாருங்கள். இடைவெளி விட முடியாத இடத்தில் கதவின் கீழ்ப்பாதியில் சின்ன லூவர் ஒன்று வைக்கலாம்.

எல்லாம் பொருத்தி முடித்த பிறகு பெட்ரூம் பக்கம் உட்கார்ந்து கதவின் அடியில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை பாத்ரூமுக்குள் சீராக இழுக்கப்பட்டால் வேலை சரி. புகை நேராக மேலே எழுந்தால் எங்கேயோ காற்று குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.

மாலையில் வாடை வருகிறது என்றீர்களே, அந்த நேரத்தில் சமையலறைச் சிம்னி ஓடுகிறதா என்று கவனியுங்கள். சிம்னி ஒரு மணி நேரத்தில் பல நூறு கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும். கொசு வரும் என்று ஜன்னலையெல்லாம் மூடிவைத்தால், அது தனக்கு வேண்டிய காற்றை உங்கள் பாத்ரூம் லூவர் வழியாக டக்டிலிருந்துதான் இழுக்கும். சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்துவிட்டு ஒரு மாலை பாருங்கள். வாடை பாதியாகக் குறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இன்னொன்று, தரையில் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப். ஷவரைத் தவிர்த்து வேறு மூலையில் ஒரு ட்ராப் இருந்து, அதில் நாள் கணக்கில் தண்ணீர் விழாமல் வற்றியிருந்தால், புது ஃபேன் சாக்கடைக் காற்றை அதன் வழியாகவே இழுத்து வாடையை அதிகமாக்கும். வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். ஊற்றியும் வாடை நிற்கவில்லை என்றால் ட்ராப்பில் தண்ணீர் தங்கும் வளைவே வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

கீசர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எந்த வகை என்று சொல்லவில்லை. கரண்ட் கீசர் என்றால் பிரச்சினை இல்லை. கேஸ் கீசராக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முதலில் அதை யூட்டிலிட்டிக்கோ பால்கனிக்கோ மாற்றுங்கள். மூடிய பாத்ரூமில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், கேஸ் எரியும். புகைபோக்கி வைத்த மாடல் என்றால், ஃபேன் இழுக்கும் இழுப்பில் அந்தப் புகையே பாத்ரூமுக்குள் திரும்பி வரலாம். இதில் சமரசமே கூடாது.

டக்டைத் திறக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது டக்ட் அவ்வளவு அடைசலாக இருக்கிறது என்றால் இரண்டு வழி மிச்சம்.

ஒன்று, வென்டிலேட்டரிலிருந்து உங்களுக்கென்று தனியாக 4 இன்ச் பிவிசி பைப்பை டக்டுக்குள் மேலே கொண்டுபோய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் முடிப்பது. உங்கள் மாடியிலிருந்து 15, 18 அடிதான் வரும். பைப்புக்குள் குளிர்ந்து வடியும் தண்ணீர் திரும்ப ஃபேனுக்குள் வராதபடி, அடியில் எல்போவுக்குப் பதில் டீ போட்டு, அதன் கீழ்வாயை மூடி, மூடியில் சின்னத் துளை விடுங்கள், தண்ணீர் டக்டில் சொட்டிக்கொள்ளும். உச்சியில் மழை இறங்காத தொப்பி. மறக்காமல் சாக்கடை வென்ட்டிலிருந்து தள்ளியே முடியுங்கள், அடுத்த முறை வரும் பிளம்பர் இரண்டையும் ஒன்றாக நினைத்து இணைத்துவிடாமல் பைப்பில் பெயின்டில் எழுதியும் வையுங்கள்.

இன்னொன்று, பெட்ரூம் கப்போர்டுக்கு மேலே இருக்கும் பரண் வழியாகப் பால்கனிக்கு. நீங்கள் அனுப்பிய வீட்டு வரைபடத்தைப் பார்த்தால் 14 அடி வரும், ஒரே நேர்கோடு. இந்த இரண்டு வழிக்கும் சாதாரண இறக்கை ஃபேன் உதவாது. அது திறந்த வெளியில் நிறையக் காற்றைத் தள்ளும், நீளமான பைப்பைக் கட்டினால் திணறிவிடும். பைப்பின் நடுவே பொருத்தும் இன்லைன் ஃபேன் வேண்டும். மிக்ஸ்டு ஃப்ளோ என்று கேளுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அதைப் பாத்ரூமில் வைக்காமல் பால்கனிக்கு அருகே வைக்கலாம் என்பதால் சத்தம் குறைவு. பைப் முழுவதும் உறிஞ்சும் பக்கமாக இருப்பதால், எங்காவது இணைப்பு விட்டாலும் ஈரக்காற்று பரணுக்குள் கசியாது. மடங்கும் குழாயைத் தவிர்த்து வழவழப்பான பிவிசி போடுங்கள், பால்கனி பக்கம் அடிக்குக் கால் இன்ச் சரிவு கொடுங்கள், என் வீட்டில் நடந்தது உங்களுக்கு நடக்காது. திருப்பம் வந்தே தீரும் என்றால் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45.

சுவரில் துளை போடும்போது ஒரே ஓர் எச்சரிக்கை. கூரையை ஒட்டி ஓடுவது பீம். அதைத் தொடவே கூடாது. பீமுக்குக் கீழே செங்கல் சுவரில் மட்டும் துளை. உளியால் தட்டாமல் கோர் கட்டிங் ஆளைக் கூப்பிடுங்கள், டைல்ஸ் விரிசல் விடாமல் வட்டமாக எடுத்துத் தருவார். பாத்ரூம் கூரையிலும் துளை வேண்டாம். அதற்கு மேலே மூன்றாம் மாடிப் பாத்ரூமின் சங்கன் ஸ்லாப் (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்), அவர்களுடைய குழாய்களும் வாட்டர்புரூஃபிங்கும் அங்கேதான்.

வயரிங்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எர்த்தோடு மூன்று வயர், சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). அது இல்லையென்றால் ஃபேனுக்கு முன் அதை வாங்குங்கள். ஷவருக்கு அருகே, தரையிலிருந்து 2.25 மீட்டருக்குள் ஃபேன் வருகிறது என்றால் ஐபிஎக்ஸ்4 என்று குறித்த, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் மாடலாக இருக்கட்டும். லைட் சுவிட்சோடு சேர்க்காதீர்கள். லைட்டை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிடும், ஈரம் அப்போதுதான் மிச்சமிருக்கும். குளித்து முடித்த பிறகு இருபது நிமிடம் ஓடி நிற்கும்படி டைமர் வையுங்கள். 30 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்தான். இரவெல்லாம் ஓடவிட்டால்தான் நஷ்டம், பெட்ரூம் ஏசி குளிர்வித்த காற்றைக் கதவடியில் இழுத்து வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றே ஈரம் சுமந்துதான் இருக்கும். அந்த மாதங்களில் ஃபேனால் தரையையும் சுவரையும் முழுக்கக் காயவைக்க முடியாது. குளித்ததும் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு இழு இழுத்துவிட்டால், ஃபேன் ஆவியாக்கி வெளியேற்ற வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி நேராகச் சாக்கடைக்குப் போய்விடும். ஈரத் துண்டை உள்ளே தொங்கவிடாதீர்கள்.

பூஞ்சையின்மேல் அப்படியே பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் திரும்ப எட்டிப்பார்க்கும். ஃபேன் வேலை செய்யத் தொடங்கி, கூரை இரண்டு வாரம் காய்ந்த பிறகு சுரண்டி, பிளீச்சிங் கரைசலால் துடைத்து, அப்புறம் பெயின்ட். பிளீச்சிங்கைப் பயன்படுத்தும் அன்று டாய்லெட் ஆசிட்டை வெளியே எடுக்கவே வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அந்தச் சின்ன அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

முதலில் மொட்டைமாடிக்குப் போய் வாருங்கள். டக்டின் மேல்வாய் எப்படி இருக்கிறது, கீசர் எந்த வகை, வென்டிலேட்டர் ஃபிரேமின் உள்ளளவு எத்தனை இன்ச் என்று எழுதுங்கள். ஷீட்டை எப்படி வெட்ட வேண்டும், ஃபேன் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அளவோடு சொல்கிறேன்.